தாசில்தாருக்கு மூன்று நாள் தீட்டு

சங்கராபுரத்திலிருந்து கல்வராயன் மலைப்பக்கம் போகிற சாலையில், டிரைவர் மனம் வைத்தால் மட்டும் பஸ் நிற்கிற ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊரில், ஆடி மூன்றாம் வெள்ளிக்கு இரண்டே நாள் இருக்கும்போது, கரும்பு வெட்டும் பாவாடை தன் மீசையை எடுத்துவிட்டார்.

இதை யாரோ ஒருவர் சவரம் செய்துகொண்ட சமாசாரமாக நினைத்துவிடக் கூடாது. ஊரில் மீசைகள் பல உண்டு. சில இருக்கின்றன, சில இருப்பதாக அவற்றின் சொந்தக்காரர்கள் நம்புகிறார்கள். பாவாடையின் மீசை வேறு ரகம். பதினொரு வருடமாக மாரியம்மன் கரகத்துக்கு நேர் கீழே ஊர்வலம் போய்வந்த மீசை அது. ஏரிக்கரையில் பூச்சுற்றிய கரகத்தைத் தலையில் ஏற்றினால், கை வைக்காமல், ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தாமல் ஏழு தெருவும் சுற்றிவந்து கோயிலில் இறக்குவார். வருடத்தின் மற்ற நாளெல்லாம் அவர் யாராவது ஒருவருடைய கரும்புக் கொல்லையில் குனிந்து நிற்கிற மனிதர். அந்த ஒரு வெள்ளிக்கிழமைதான் நிமிர்ந்து நடப்பார். அன்றைக்கு ஊரே குனிந்து அவர் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றும்.

அந்த வட்டாரத்தில் ஓர் ஆம்பளை மீசையைச் சுத்தமாக வழித்தால் அவர் வீட்டில் சாவு என்று அர்த்தம். சாவு என்றால் தீட்டு. தீட்டுக்காரர் கரகத்தைத் தொடக் கூடாது. கரகம் இருக்கிற திசையைப் பார்த்துத் தும்மவும் கூடாது. இதெல்லாம் பாவாடைக்குத் தெரியாததல்ல. தெரிந்துதான் புதன்கிழமை காலை எட்டு மணிக்குப் பகலவனின் சலூன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"வெள்ளிக்கெழமைக்கு மீசைய முறுக்கி வுட்டுடலாமாண்ணே?" என்றார் பகலவன்.

"எட்து வுடு."

"எத்தண்ணே?"

"மீசையத்தான்."

பகலவன் கத்திரிக்கோலைக் கீழே வைத்தார். "யாருண்ணே போனது?"

"தாசில்தாரு."

பகலவன் கண்ணாடியில் பாவாடையின் முகத்தைப் பார்த்தார். கண்கள் சிவந்திருந்தன. வாதம் செய்து பார்க்கக்கூடிய முகமாகத் தெரியவில்லை. பாடிக்கொண்டிருந்த ரேடியோவை நிறுத்தினார். புது பிளேடு மாட்டினார்.

"கஷ்டப்பட்டாராண்ணே?"

"இல்ல. வெடிய வெடிய என் கைமேல தலைய வெச்சிக்கினு இருந்தாரு. அப்படியே போயிட்டாரு."

காலமான தாசில்தார் ஒரு வெள்ளை முயல்.

அவருடைய வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கமாகவாவது சொல்லியாக வேண்டும். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான வருடம், ஊருக்கு ஓர் அமைப்பு வந்தது. கூலிக்குப் போகிறவர்கள் முயல் வளர்த்து முன்னேறலாம் என்று கூட்டம் போட்டுச் சொல்லி, டீயும் பன்னும் கொடுத்து, வீட்டுக்கு ஒரு ஜோடி முயலும் கொடுத்துவிட்டுப் போனது. ஊர் மிக வேகமாக முன்னேறியது. மூன்றே மாதத்தில் ஒரு முயலும் மிச்சமில்லை. குழம்பின் ருசியைப் பற்றி மட்டும் இன்றைக்கும் நல்ல அபிப்பிராயம் நிலவுகிறது.

பாவாடைக்குக் கிடைத்த ஜோடியில் ஒன்றைக் கீரி கொண்டுபோனது. மிச்சமிருந்ததை ஒரு ஞாயிற்றுக்கிழமை அறுப்பதென்று தீர்மானமாகி, மசாலாவும் அரைத்தாகிவிட்டது. கத்தியோடு போய்க் கூண்டைத் திறந்தார் பாவாடை. முயல் வெளியே வந்தது. அவர் காலை மூன்று சுற்றுச் சுற்றி ஓடியது. பிறகு அவருடைய வலது பாதத்தின்மேல் மோவாயை வைத்துப் படுத்துக்கொண்டது.

"இன்னாயா, அறுத்தியா இல்லியா?" என்று உள்ளிருந்து கேட்டார் அவர் மனைவி விஜயலட்சுமி.

"கால்மேல படுத்துக்கினு இருக்குது. நான் எப்படி நவர்றது?"

அரைத்த மசாலா கத்திரிக்காய்க்குப் போயிற்று.

பெயர் வைத்தது விஜயலட்சுமிதான். வீட்டுமனைப் பட்டாவுக்கு மனு கொடுத்துவிட்டுத் திரும்பிய ஒரு மத்தியானம், அவர் தன் பக்கத்து நியாயத்தையெல்லாம் முயலிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அது வெள்ளை வெளேரென்று, பருத்த உடம்போடு, மூக்கை மட்டும் அசைத்தபடி கடைசிவரை கேட்டது. ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் செய்யவுமில்லை. "சர்தான், நீதான் தாசில்தாரு" என்றார் விஜயலட்சுமி. அன்றே பதவியேற்பு நடந்தது.

தாசில்தார் இருந்தால் கீழே ஆட்கள் வேண்டாமா. சாம்பல் நிறத்தில் ஒரு பெண் பூனை தானாக வந்து வேலையில் சேர்ந்தது. அதற்குத் தலையாரி என்று பெயர். தினம் காலையில் ஓர் எலியைக் கொன்று எடுத்துவந்து தாசில்தார் முன்னால் வைக்கும். தாசில்தார் ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். கொடுப்பவர் சளைக்கவில்லை, வாங்க வேண்டியவர் மசியவில்லை. இப்படிப்பட்ட நேர்மையை ஒருமுறையாவது கண்ணால் பார்க்கட்டும் என்று விஜயலட்சுமி தெருவையே கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார்.

இரண்டு வருடத்துக்கு முன் தலையாரி கரும்பு லாரியில் அடிபட்டுச் செத்தது. பாவாடை அழுதார், கொல்லையில் புதைத்தார், ஒரு வேளை சாப்பிடவில்லை. மீசையில் கை வைக்கவில்லை. தலையாரியின் மகள் மணியம் தாயின் இடத்துக்கு வந்தது. தாய் தாசில்தாரின் எந்தக் காதை நக்கிவிட்டதோ அதே காதை மகளும் நக்கிவிட்டது. முயலும் பூனையும் ஒரே தக்காளிக் கூடையில் படுத்துத் தூங்கின. எது யாருடைய கால் என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது.

பூனைக்கு எடுக்காத மீசையை முயலுக்கு மட்டும் ஏன் எடுத்தார் என்று கேட்டால் பாவாடைக்குச் சொல்லத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: போன வருடம் வெட்டுக்கத்தி தவறிக் காலில் பட்டு ஒரு மாதம் பாயில் கிடந்தார். ஊரார் ரொட்டிப் பாக்கெட்டோடு வந்தார்கள். எப்படி ஆயிற்று என்று கேட்டார்கள். அவர் வாய் திறப்பதற்குள் தங்களுக்கு ஆனதைச் சொல்லிவிட்டுப் போனார்கள். தாசில்தார் ஒருவர்தான் எதையும் கேட்காமல், கட்டுப் போட்ட காலுக்குப் பக்கத்தில் முப்பது நாளும் உட்கார்ந்திருந்தார். விடுப்பே எடுக்கவில்லை.

இந்த ஆடியில் அவர் தீனியைக் குறைத்துக்கொண்டார். பாவாடை அவரைப் பையில் வைத்து, காற்று வர ஜிப்பைத் திறந்துவிட்டு, பஸ் ஏறி மாட்டு டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினார். டாக்டர் நல்ல மனுஷன். "வயசாயிடுச்சுப்பா. ஊசி போட்டு இம்சை பண்ண வேணாம். பக்கத்துல இரு" என்றார். பாவாடை மூன்று நாள் வேலைக்குப் போகாமல் பக்கத்தில் இருந்தார். புதன் விடியலில் எல்லாம் முடிந்தது. தலையாரிக்குப் பக்கத்தில் குழி வெட்டி, கீழே கரும்புக் கொழுந்தாடையும் முள்முருங்கை இலையும் பரப்பி, தாசில்தாரைப் படுக்கவைத்து மண் தள்ளினார். மணியம் கொஞ்ச நேரம் குழிமேட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, போய்த் தக்காளிக் கூடையில் ஒரு ஓரமாகப் படுத்தது. மற்ற பாதியைக் காலியாகவே விட்டிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் பாவாடை சலூனுக்குக் கிளம்பினார்.

வழித்த முகத்தோடு வீட்டுக்குள் வந்தவரை விஜயலட்சுமி மேலும் கீழும் பார்த்தார்.

"யோவ், இன்னாயா இது? கரகத்த யாரு தூக்கறது?"

"தெரியல."

"தெரியாமயா போய் செரைச்சிக்கினு வந்த? எங்கம்மா செத்தப்போ எட்தியா?"

"மாமியாருக்கு எடுக்கற பழக்கம் இல்லியே."

"முயலுக்கு எடுக்கற பழக்கம் மட்டும் இருக்குதா?"

விஜயலட்சுமிக்கும் வருத்தம் இல்லாமலில்லை. குழிமேட்டில் நின்று முந்தானையால் மூக்கைச் சிந்தியவர்தான். ஆனால் மூக்கைச் சிந்தினால் துடைத்துக்கொள்ளலாம், மீசையை எடுத்துவிட்டால் ஒட்டவைக்க முடியாது என்பது அவர் கட்சி. கரகம் தூக்குகிறவர் பெண்டாட்டி என்றால் தெருக்குழாயில் முதல் குடம் அவருக்குத்தான். அதுவும் மீசையோடு போயிற்று.

பதினொரு மணிக்குக் கோயில் முன்னாலிருந்த தகரக் கொட்டகையில் ஊர் கூடியது. தர்மகர்த்தா வெங்கடேசன் நடுவில் உட்கார்ந்தார். பக்கத்தில் பூசாரி காத்தான். எதிரில், விஜயலட்சுமியின் தம்பி அன்புச்செல்வன். பதினொரு வருடமாகத் தன் கழுத்தைக் கரகத்துக்காகத் தயார் நிலையில் வைத்திருப்பவர். வீட்டில் தவலைத் தண்ணீரைத் தலையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்து பழகுவதை ஊர் பார்த்திருக்கிறது. தவலை விழும் சத்தத்தையும் கேட்டிருக்கிறது. பாவாடை கொட்டகைக்கு வெளியே, வெயிலில், தள்ளியே நின்றார்.

"சாயங்காலம் காப்பு கட்டணும். வெள்ளிக்கெழமை கரகம். தீட்டு இருக்குதா இல்லியா, அத்த மொதல்ல சொல்லுங்க" என்றார் வெங்கடேசன்.

காத்தான் விரலை மடக்கினார். "பங்காளின்னா பதினாறு நாளு. மாமன் மச்சான்னா மூணு. தூரத்து ஒறவுன்னா தலைக்கு ஊத்திக்கினா போச்சு. முயலு இதுல எதுல வருது?"

முன்னோர்கள் இவ்வளவு விதி செய்துவைத்தும் இதை யோசிக்காமல் போய்விட்டார்கள்.

"வூட்லயே வளந்துச்சு. புள்ளை மாதிரி வெச்சிக்கலாமே" என்றார் பகலவன்.

"புள்ளைன்னா அதுக்கு ஒரு மொறை இருக்குது" என்றார் காத்தான். "பல்லு மொளைக்கறதுக்கு முன்னாடி போயிடுச்சின்னா தீட்டே இல்ல. பல்லு மொளைச்சிருந்தா மூணு நாளு. காது குத்தியிருந்தா முழுத் தீட்டு."

ஊர் மொத்தமும் பாவாடை பக்கம் திரும்பியது.

"பல்லு இருந்துச்சாப்பா?"

"இருந்துச்சுங்க. பெரிய பல்லு."

"காது குத்துனியா?"

"இல்லீங்க."

"அவ்ளோ பெரிய காத வெச்சிக்கினு குத்தாம வுட்டியா மாமா?" என்றார் அன்புச்செல்வன். கொட்டகையில் சிரிப்பு எழுந்தது. வெங்கடேசன் ஒரு பார்வை பார்த்தார். அடங்கியது.

"அப்போ பல்லு கணக்குதான்" என்று காத்தான் தீர்ப்புச் சொன்னார். "புதன், வியாழன், வெள்ளி. சனிக்கெழமை காலைல தலைக்கு ஊத்திக்கினா தீட்டு போயிடும்."

"கரகமே வெள்ளிக்கெழமைதானே" என்றார் வெங்கடேசன்.

அன்புச்செல்வன் முகத்தில் துக்கத்தை வரவழைத்துக்கொண்டு எழுந்தார். துக்கம் கண்வரை வந்தது, வாய் ஒத்துழைக்கவில்லை. "மாமாவுக்காக நான் தூக்கறங்க."

ஊர் தவலைச் சத்தத்தை நினைத்துப் பார்த்தது. வெங்கடேசன் அவசரமாகப் பாவாடையை நோக்கித் திரும்பினார். "இதோ பாரு பாவாடை. இவ்ளோ தூரம் போவ வேணாம். சூடத்த ஏத்தறன். அம்மன பாத்து, அது வெறும் முயலுதான், மீசை கத்தி தவறி போயிடுச்சின்னு ஒரு வார்த்தை சொல்லிடு. தீட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீயே தூக்கு."

"கத்தி என் கையிலதான் தவறுச்சுன்னு நான் ஒத்துக்கறங்க" என்றார் பகலவன். இருபது வருடத் தொழிலில் யார் உதட்டிலும் ஒரு கீறல் போடாதவர். அந்தப் பேரை அப்படியே தூக்கிக் கொடுக்க முன்வந்தார்.

சூடம் ஏற்றினார்கள். பாவாடையை வாசல்படிவரை வரச் சொன்னார்கள். உள்ளே அம்மன், பக்கத்தில் சாம்பல் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்த கரகச் செம்பு. அதைப் பார்த்ததும் பாவாடையின் கழுத்து தானாக நிமிர்ந்தது. ஏழு தெருவும் கண்ணில் ஓடின. பம்பைச் சத்தம், காலில் வழியும் மஞ்சள் தண்ணீர், மாடியிலிருந்து எட்டிப் பார்க்கிற கரும்புக் கொல்லைக்காரர்கள். ஆசை இல்லை என்று சொன்னால் பொய். வருடத்தில் ஒரு நாள் அது. அந்த ஒரு நாளை நம்பித்தான் மிச்ச நாளுக்கெல்லாம் குனிந்துகொண்டிருந்தார்.

"அது" என்றார்.

அடுத்தது 'வெறும்' என்ற சொல். சின்னச் சொல். மூட்டை தூக்குவதைவிடச் சுலபமாகத்தான் இருக்க வேண்டும். வாயைத் திறந்தார், மூடினார். கூட்டம் அவருக்காகத் தன் வாயை அசைத்துப் பார்த்தது. சூடம் பாதியாயிற்று.

"அது எங்க வூட்ல ஆறு வருசம் இருந்துச்சுங்க" என்றார் பாவாடை. "வெறுமனே இல்லீங்க. தீட்டு தீட்டுதான். மச்சான் தூக்கட்டும்."

சொல்லிவிட்டுப் படியிறங்கி வீட்டைப் பார்க்க நடந்தார். நடக்க நடக்க, தான் நிமிர்ந்தே நடந்துகொண்டிருப்பது அவருக்கே தெரிந்தது. கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

தீட்டு என்று ஊர் ஒத்துக்கொண்டுவிட்டால், அதற்குரிய மற்ற முறைகளையும் விட்டுவிட முடியாது. தீட்டு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. பெண் கொடுத்த வீட்டிலிருந்து சோறு வர வேண்டும். பெண் கொடுத்த வீடு அன்புச்செல்வன் வீடு. மத்தியானமே ஒரு தூக்கு நிறையச் சோறும், காராமணி போட்ட காரக்குழம்பும் அவர் பெண்டாட்டி கையால் வாசலில் வந்து இறங்கின. விஜயலட்சுமி ஒரு நிமிடம் முறைப்பாக இருந்தார். பிறகு, இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் மூன்று நாள் சேர்ந்தாற்போல் அடுப்பைத் தொடாமல் உட்கார்ந்து சாப்பிடுவது இதுவே முதல் தடவை என்று அவருக்கு உறைத்தது. தாசில்தார் போகும்போது தனக்கும் ஏதோ செய்துவிட்டுத்தான் போயிருக்கிறார் என்று சொல்லி இரண்டாவது தடவையும் சோறு போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் அன்புச்செல்வன் கையில் காப்போடு வந்து, சாலைக்கு அந்தப் பக்கமே நின்றார். காப்புக் கட்டியவர் தீட்டு வீட்டுக்குக் கிட்ட வரக் கூடாது. காலையில் இருந்த களை முகத்தில் இல்லை.

"மாமோவ், தெரு முக்குல திரும்பறப்போ இன்னா பண்றது?"

"கழுத்த திருப்பாத. இடுப்ப திருப்பு" என்று இந்தப் பக்கத்திலிருந்து கத்தினார் பாவாடை.

"மூக்குல ஈ உக்காந்தா?"

"உக்காரட்டும். அதுவும் ஊர்வலம் வரட்டும்."

"பயமா இருக்குது மாமா."

"எனக்கு மட்டும் இன்னா? பதினோரு வருசமும் பயந்துக்கினேதான் தூக்கனன்."

நடுவில் ஒரு பஸ் வந்து, இருவரும் கையை ஆட்டுவதைப் பார்த்து, தவறுதலாக நின்றுவிட்டுப் போனது.

வியாழக்கிழமை துக்கம் விசாரிக்க ஆட்கள் வந்தார்கள். உண்மையைச் சொன்னால் கேலி செய்யத்தான் வந்தார்கள். வந்த ஏழெட்டுப் பேரும் வாசலில் உட்கார்ந்து, தக்காளிக் கூடையில் பாதி இடத்தை விட்டுப் படுத்திருந்த மணியத்தைப் பார்த்தார்கள். அதன்பிறகு ஒருவர், தங்கள் வீட்டில் முன்பு ஒரு நாய் இருந்ததாகவும் அது தயிர்ச்சோறு தவிர வேறொன்றும் தின்னாது என்றும் ஆரம்பித்தார். இன்னொருவர் விற்றுவிட்ட காளையைப் பற்றிப் பேசினார். பாதிப் பேச்சில் துண்டு முகத்துக்குப் போயிற்று. ரொட்டிப் பாக்கெட்டுக் காலத்தைப் போல இப்போதும் எல்லாரும் தங்கள் கதையைத்தான் சொன்னார்கள். ஆனால் இந்தத் தடவை பாவாடைக்குக் கேட்கப் பிடித்திருந்தது. மூக்கை லேசாக அசைத்தபடி கடைசிவரை கேட்டார். மணியமும் எழுந்துவந்து, யாருடையதென்று பார்க்காமல் ஒரு மடியில் ஏறிப் படுத்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு ஏரிக்கரையில் பம்பை முழங்கியது. தீட்டு வீட்டார் வெளியே வந்து கரகத்தைப் பார்க்கக் கூடாது. கதவைச் சாத்திவிட்டு, ஜன்னலைக் கொஞ்சமாகத் திறந்துவைத்துக்கொண்டார்கள். ஜன்னல் விஷயமாக முன்னோர்கள் எதுவும் சொல்லிவைக்கவில்லை.

ஊர்வலம், பஸ் போகிற அவர்கள் தெருவுக்குள் திரும்பியது. கரகம் வீட்டுக்கு வீடு நின்று தண்ணீர் வாங்கிக்கொண்டு வரும். தீட்டு வீட்டுக்கு முன்னால் மட்டும் நிற்காமல், மேளச் சத்தத்தை அமர்த்திவிட்டுத் தாண்டிப் போகும். அதிலும் ஒரு கணக்கு உண்டு. செத்தவர் மேல் ஊருக்கு எவ்வளவு மரியாதையோ அவ்வளவு தூரம் முன்னாலேயே மேளம் அமர்ந்துவிடும். ஒப்புக்கு என்றால் வாசலில் வந்து அமரும். கொஞ்சம் பெரிய மனுஷர் என்றால் பக்கத்து வீட்டிலேயே.

முயலுக்கு அமருமா என்பதுதான் பாவாடையின் நெஞ்சில் அப்போது இருந்த ஒரே கேள்வி. அமராமல் அடித்துக்கொண்டே தாண்டினால், கொட்டகையில் பேசியதெல்லாம் விளையாட்டு என்று ஆகிவிடும். ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பம்பை தெரு முக்கைத் தாண்டியது. தண்ணீர் டேங்க்கிடம் வந்தது. அங்கே வெங்கடேசன் கையைத் தூக்கினார்.

மேளம் அமர்ந்தது. உடுக்கை அமர்ந்தது. சிலம்பை ஆட்டுகிறவர் அதைக் கைக்குள் பொத்திக்கொண்டார். அவ்வளவு பெரிய கூட்டம் நடக்கிற சத்தம் மட்டும், ஈரத் தெருவில் சளப் சளப்பென்று வந்தது. அன்புச்செல்வன் கழுத்து கம்பம் மாதிரி நின்றது. இடுப்பு மட்டும் திரும்பியது. ஒரு சொட்டுச் சிந்தவில்லை. வெங்கடேசன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டினார். பகலவன் தலையைக் குனிந்துகொண்டார். கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. யாரோ இருமினார்கள், அவரை யாரோ அதட்டினார்கள்.

ஊர்வலம் தாண்டிப் போய்த் தெருவின் அந்தக் கோடியில் பம்பை மறுபடியும் எழுந்தது. ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்திருந்த மணியம் காலை நக்க ஆரம்பித்தது.

"நான் வாக்கப்பட்டு வர்றதுக்கு முன்னாடி உங்கப்பாவும் ஆடி மாசத்துலதான் போனாரு" என்றார் விஜயலட்சுமி. "அவருக்கு எங்க நிறுத்தனாங்க?"

"பக்கத்து வூட்டாண்ட."

"இதுக்கு டேங்க்காண்டயே நிறுத்திட்டாங்க."

பாவாடை ஜன்னல் வழியாகத் தண்ணீர் டேங்க்கிலிருந்து தன் வாசல்வரை கண்ணால் அளந்தார். ஒருமுறை அளந்தது போதாமல் மறுபடியும் அளந்தார்.

"நாலு வூடு ஜாஸ்தி" என்றார். "எங்கப்பா கோவிச்சிக்குவாரு."

"கோவிச்சிக்கட்டும். சோறு போடட்டா?"

"போடு" என்றார் பாவாடை. "கொஞ்சம் ஜாஸ்தியாவே போடு."